பிழை: மைனஸ் மூன்று

ஜனவரி 9: 21, 2 — 23
ஜனவரி 31: 21, 2 — 23
பிப்ரவரி 3: 26, 3 — 29
பிப்ரவரி 4: 24, 3 — 27
பிப்ரவரி 6: 20, 3 — 23
மே 15: 20, 3 — 23
ஜூன் 18: 20, 3 — 23

ஒரு மருந்துக் கிடங்கின் குளிர் அறை வாசலில் தொங்கிய தாள்களில் கரடியக்கா தன் கைப்பட எழுதியவை இவை. முதல் எண், வெப்பமானி காட்டியது. இரண்டாவது, அந்த வெப்பமானி எவ்வளவு தவறாகக் காட்டும் என்று அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டு சொன்னது. மூன்றாவது, அறையின் உண்மையான அளவு என்று அவள் கணக்குப் போட்டு எழுதியது. முதல் இரண்டு வரிகள் சரி. மற்ற ஐந்தும் தவறு.

கரடியக்கா என்ற பெயரை வைத்தவர்கள் வண்டி ஓட்டுநர்கள். குளிர் அறைக்குள் போகும்போது அவள் போட்டுக்கொண்ட கோட்டு வேறு யாரோ ஆறடி ஆளுக்காகத் தைத்தது. அதை மாட்டிக்கொண்டு, கையில் அட்டையும் பேனாவுமாக அவள் வெளியே வரும்போது பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். "வழி விடுங்கப்பா, கரடி குகைய விட்டு வருது" என்று ஓட்டுநர்கள் ஒதுங்குவார்கள். "கடிச்சிடப் போறேன், கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பு" என்பாள். கோபம் கிடையாது. ஒன்பது வருஷம் அந்த வாசலில் உட்கார்ந்தவள். ஒரு நாள்கூட அளவு எழுதாமல் விட்டதில்லை. காய்ச்சலென்றால்கூடப் பத்து மணிக்கு வந்து எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அந்தக் கிடங்கில் யாரும் மைனஸ் என்ற சொல்லை வாயால் சொன்னதில்லை. எல்லா அளவும் பூஜ்யத்துக்குக் கீழேதான். பிறகு எதற்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்? மைனஸ் இருபது என்றால் "இருபது". அறை பதினெட்டுக்கு மேல் வரக் கூடாது என்றால், பதினெட்டைவிடச் சூடாகக் கூடாது என்று பொருள். தாளின் தலைப்பிலேயே பொடி எழுத்தில் "அளவுகள் அனைத்தும் பூஜ்யத்துக்குக் கீழே" என்று அச்சடித்துவிட்டார்கள். கட்டங்களில் எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது: "காட்டும் அளவிலிருந்து பிழையைக் கழிக்கவும்." வேலையில் சேர்ந்த முதல் நாள் அவள் இருபத்தொன்றிலிருந்து இரண்டைக் கழித்துப் பத்தொன்பது என்று எழுதினாள். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பெரியவர் அதை அடித்துவிட்டு இருபத்திமூன்று என்று எழுதினார்.

"கழிக்கணும்னு போட்டிருக்கே சார்?"

"இந்த ரூம்ல எல்லாமே தலைகீழ்மா. இங்க கழிச்சா கூடும். அப்படியே பழகிக்க."

பழகிக்கொண்டாள். ஆறாம் வகுப்பின் பாதியில் பள்ளியை விட்டவளுக்கு அது விசித்திரமாகவும் படவில்லை. மேலும், அவர் சொன்னது சரியாகவே வந்தது. பழைய வெப்பமானி உண்மையைவிட இரண்டு டிகிரி சூடாகக் காட்டும். மைனஸ் இருபத்தொன்று காட்டினால் உண்மை மைனஸ் இருபத்திமூன்று. ஒன்பது வருஷம் இப்படி ஓடியது.

பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் பழைய வெப்பமானி உடைந்தது. கருவிகள் விற்கும் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்து புதியதை மாட்டி, அதன் நெற்றியில் சீட்டை ஒட்டினான். சீட்டில் "பிழை −3" என்று இருந்தது. இந்த வெப்பமானியின் பொய் எதிர்ப்பக்கம். உண்மையைவிட மூன்று டிகிரி குளிராகக் காட்டும்.

"தம்பி, மூணுக்கு முன்னாடி ஒரு கோடு இருக்கே?" என்று கேட்டாள்.

அவன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான். "மைனஸ்கா. பிழை மைனஸ் மூணு. பழைய மாதிரியே கழிச்சுக்குங்க."

அவன் சொன்னது தப்பில்லை. கழிக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் காதில் விழுந்தது "பழைய மாதிரியே" என்பது. அந்தக் கோட்டைப் பொறுத்தவரை, இந்த அறையில் எதற்குத்தான் மைனஸ் இல்லை? ஒவ்வொரு எண்ணுக்கும் இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை. இந்தப் பையன் புதியவன், எழுதிவிட்டான். அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வெப்பமானி இருபத்தாறு காட்டியது. கழித்தால் கூடும். இருபத்தொன்பது என்று எழுதினாள். உண்மையில் அறை எப்போதும் போல இருபத்திமூன்றில்தான் இருந்தது.

மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னக்கா, இருபத்தொன்பதா? துருவத்துக்கே குடி போயிட்டோமா? கரண்ட்டு பில்ல யார் கட்டுறது?"

"மிஷின் அப்படி ஓடுது சார். நான் என்ன பண்ண?"

"குறைக்கச் சொல்லுங்க. பழைய இருபத்திமூணு வந்தா போதும்."

குளிர்விக்கும் இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தார்கள். ஆறாம் தேதி வெப்பமானி இருபது காட்டியது. அவள் இருபத்திமூன்று என்று எழுதினாள். மேலாளர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அந்த அறை உண்மையில் மைனஸ் பதினேழில் இருந்தது. இருக்க வேண்டிய எல்லைக்கு ஒரு டிகிரி மேலே.

மின்செலவைக் குறைத்ததற்காக ஏப்ரலில் மேலாளருக்குப் பாராட்டு வந்தது. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

உள்ளே போய்வருகிற ஆளுக்குத் தெரியாதா என்று பிறகு பலர் கேட்டார்கள். பதினேழுக்கும் இருபத்திமூன்றுக்கும் உடம்பு வித்தியாசம் சொல்லாதா? சொல்லத்தான் செய்தது. முன்பெல்லாம் உள்ளே போய் இரண்டு மூச்சு விட்டதும் மூக்கு முடி விறைத்துக்கொள்ளும். இப்போது அவ்வளவாக இல்லை. வயசாகிறது, தோல் மரத்துப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூனில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துக் குப்பிகள் திரும்பி வந்தன. தெளிந்த தண்ணீர் போல் இருக்க வேண்டிய மருந்து கழுநீர் மாதிரி கலங்கியிருந்தது. யாருக்கும் போடுவதற்கு முன்பே ஒரு நர்ஸ் பார்த்துவிட்டாள். அந்த மட்டில் நல்லது. தலைமை அலுவலகத்திலிருந்து வேறொரு வெப்பமானியோடு வந்தார்கள். உள்ளே வைத்தார்கள். பதினேழு. வாசலில் தொங்கிய தாளைப் பார்த்தார்கள். இருபத்திமூன்று. பிப்ரவரி ஆறு வரை புரட்டினார்கள். ஒரு நாள் விடாமல் இருபத்திமூன்று.

அறையில் இருந்த சரக்கு முழுவதையும் அழித்தார்கள். கரடியக்காவைத் தற்காலிகமாக நீக்கி, குற்றச்சாட்டு ஓலையைக் கையில் கொடுத்தார்கள். அதில் இப்படி இருந்தது: "அறை எல்லை மீறிச் சூடானதை மறைக்கும் நோக்கத்துடன் வேண்டுமென்றே பொய் அளவுகளை எழுதியமை."

வேலை போவதை அவள் ஒருவாறு ஏற்றுக்கொண்டிருப்பாள். அவளை உறங்கவிடாதது "வேண்டுமென்றே" என்ற அந்த ஒரு சொல். தவறு என்று எழுதட்டும், கவனக்குறைவு என்று எழுதட்டும், மக்கு என்றுகூட எழுதட்டும். பொய் என்று எழுதலாமா? அந்தச் சொல்லை எடுக்க வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவள் கணவர் பூட்டு ரிப்பேர்க்காரர். சாவி இல்லாத பூட்டை முறைத்துப் பார்ப்பது போல் அந்த ஓலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ எங்க தப்பு பண்ணின?"

"அதுதான் எனக்கே தெரியல. ஒன்பது வருஷமா பண்ணினதத்தான் பண்ணினேன்."

"அப்ப என் தங்கச்சிய வரச் சொல்றேன். அவளுக்குத் தெரியும்."

நாத்தனார் டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார். அண்ணிக்கும் அவளுக்கும் கல்யாண நாளிலிருந்தே ஆகாது. ஆனாலும் வந்தாள். சீட்டின் நகலையும் தாள்களையும் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டாள்.

"ஐயோ அண்ணி! மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ். என்கிட்ட வர்ற ஏழாங்கிளாஸ் வாலுங்க தூக்கத்துலகூடச் சொல்லும். இருபதுல மூணு போய் பதினேழு. முடிஞ்சுது."

"ஏன் பிளஸ்?"

"ஏன்னா? அது ரூல். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணிக்குங்க."

"ஏற்கெனவே ஒருத்தர் எனக்கு மனப்பாடம் பண்ண வச்சார். அத நம்பித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன். இன்னொரு ரூல் வேணாம். ஏன்னு சொல்லு, இல்லன்னா டீயக் குடிச்சிட்டுக் கிளம்பு."

நாத்தனாரை இதுவரை எந்த மாணவரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் டீயைக் குடித்தாள், கிளம்பவில்லை. பேப்பரை எடுத்தாள்.

முதலில் ஒரு கோடு கிழித்தாள். நடுவில் பூஜ்யம், வலது பக்கம் சூடு, இடது பக்கம் குளிர். மைனஸ் இருபதில் புள்ளி வைத்தாள். இரண்டைக் கழித்தால் இடது பக்கம் இரண்டு அடி, மைனஸ் இருபத்திரண்டு. ஒன்றைக் கழித்தால் மைனஸ் இருபத்தொன்று. பூஜ்யத்தைக் கழித்தால் அங்கேயே நிற்கும். "இப்ப கழிக்கிறது இன்னும் ஒண்ணு குறைஞ்சு மைனஸ் ஒண்ணாகுது. புள்ளி எங்க போகும்?" அக்கா விரலால் புள்ளிகளைத் தடவினாள். இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது. விரல் ஒவ்வொரு முறையும் வலது பக்கம் நகர்ந்திருந்தது. "பத்தொம்பதுக்கு" என்றாள் மெதுவாக. "ஆனா இது வரிசை அப்படிப் போகுதுன்னு காட்டுது. ஏன்னு சொல்லல."

"அண்ணி, நீங்க வக்கீலாப் போயிருக்கணும்."

அடுத்த வாரம் நாத்தனார் அடைப்புக்குறிகளோடு வந்தாள். 12 − (5 − 2). அக்கா ஐந்தைக் கழித்தாள், இரண்டையும் கழித்தாள், ஐந்து என்றாள். வெளியே நிற்கும் மைனஸ் உள்ளே இருக்கும் குறிகளை எல்லாம் மாற்றிவிடும் என்றாள் நாத்தனார். மறுபடியும் ரூல். அக்கா பேப்பரைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே திடீரென்று உரக்கக் கேட்டாள்:

"பன்னெண்டு பெட்டி இருக்கு. டிரைவர் அஞ்சு எடுத்துட்டுப் போறான். ரெண்டத் திருப்பிக் கொண்டாரான். அதுதானே அந்த அடைப்புக்குள்ள இருக்கறது?"

"ஆமா…"

"அப்ப போனது மூணுதான். கையிருப்பு ஒம்பது. அஞ்சக் கழிச்சு ரெண்டக் கூட்டணும். திரும்பி வந்த ரெண்டக்கூட நான் கழிச்சா அந்த டிரைவர் என்னை அடிக்க வருவான்!" ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். "இத நான் தினம் சாயங்காலம் பண்ணிட்டிருந்தேனே! இதுக்கா இவ்ளோ பெரிய அடைப்பு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுவே முதல் தடவை.

அதன் பிறகு நாத்தனார் எண்களை எடுத்துவிட்டு எழுத்துகளைப் போட்டாள். உண்மைக்கு உ, காட்டுவதற்குக் கா, பிழைக்குப் பி. உ = கா − பி. அக்கா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பி என்றால் வெப்பமானி சொல்லும் பொய். சூட்டுப் பக்கம் பொய் சொன்னால் பி பிளஸ். குளிர்ப் பக்கம் சொன்னால் மைனஸ். எந்தப் பக்கமாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பொய்யை எடுத்துவிட வேண்டும். குளிர்ப் பக்கம் மூன்று டிகிரி பொய்யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று டிகிரி சூடு. மைனஸ் என்பது எண்ணுக்கு முன்னால் நிற்கும் அலங்காரம் அல்ல. எந்தப் பக்கம் என்று சொல்வது. கழிப்பது வேறு, மைனஸாக இருப்பது வேறு. ஒன்று செய்கிற வேலை, மற்றது நிற்கிற இடம். கிடங்கில் எல்லோரும் சேர்ந்து இடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதனால் ஒரே ஒரு எண் எதிர்ப்பக்கம் பேசியபோது கேட்க ஆளில்லை.

புரிந்தது. புரிந்த சந்தோஷம் அடுப்பில் வைத்த பால் பொங்குகிற நேரம்கூட நீடிக்கவில்லை. அவள் பிப்ரவரி ஆறிலிருந்து ஒவ்வொரு தேதியாகத் திருத்தி எழுத ஆரம்பித்தாள். பதினேழு. பதினேழு. பதினேழு. மே மாதம் வருவதற்குள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதுவரை மனசின் ஒரு மூலையில், தப்பு மிஷினுடையதாக இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் கணவர் சொன்னார்: "அங்க போய் ஒண்ணும் விளக்காத. 'எனக்குக் கணக்கு வராது சார், தெரியாம நடந்துபோச்சு'ன்னு சொல்லி அழுதுட்டு வந்துடு."

"எப்படி நடந்துச்சுன்னு சொன்னாத்தானே நம்புவாங்க?"

"தவளை தன் வாயாலதான் கெடும்."

"சும்மா இருந்த வாயாலதான் இவ்வளவும் வந்துச்சு. அன்னிக்கு அந்தப் பையன ஏணியோட நிறுத்தி வச்சு இன்னொரு தரம் கேட்டிருக்கணும்."

விசாரணை நடந்தது தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில். விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். முதலில் மேலாளரைக் கேட்டார்.

"தாள்ல தினமும் உங்க கையெழுத்து இருக்கு. அந்தப் பிழைத் திருத்தம் எப்படிப் போடணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேலாளர் வெட்கப்படாமல் சிரித்தார். "எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம் சார். ஸ்கூல்லயே ரெண்டு தடவ கோட்டை விட்டவன். அக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டுடுவேன்."

அதிகாரியும் சிரித்தார். "கவனக்குறைவு" என்று எழுதிக்கொண்டார்.

பிறகு கரடியக்காவின் முறை. அவள் பேப்பர் கேட்டாள். கோடு கிழித்தாள். பூஜ்யம், சூடு, குளிர். உ = கா − பி. பழைய வெப்பமானிக்கு பி ஏன் பிளஸ், புதியதற்கு ஏன் மைனஸ், தான் எந்த இடத்தில் குறியை விழுங்கினாள், அதனால் இயந்திரத்தை ஏன் தணித்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் அதிகாரி சோதிப்பது போல் ஒரு கணக்குக் கொடுத்தார்: காட்டுவது மைனஸ் நான்கு, பிழை மைனஸ் ஆறு என்றால்? "ரெண்டு சார். பிளஸ் ரெண்டு. உள்ள பனி உருக ஆரம்பிச்சிருக்கும்" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார்.

"ரொம்பத் தெளிவாச் சொல்றீங்கம்மா. என் பையனுக்கு இப்படிச் சொல்லிக்குடுக்க ஆளில்ல."

"நன்றி சார்."

"இவ்வளவு தெரிஞ்சவங்க அஞ்சு மாசம் தெரியாம எழுதினேன்னு சொன்னா எப்படி நம்புறது?"

அவளுக்கு ஒரு கணம் கேள்வியே விளங்கவில்லை. "அப்ப தெரியாது சார். இப்பத்தான் கத்துக்கிட்டேன். போன மாசம்."

"அதுக்கு முன்னால ஒன்பது வருஷம் மைனஸ் இருபத்தொண்ணுல ரெண்டக் கழிச்சு மைனஸ் இருபத்திமூணுன்னு சரியாத்தானே எழுதியிருக்கீங்க?"

"அது மனப்பாடம் சார். காரணம் தெரியாது."

"போன மாசம் யார் சொல்லிக்குடுத்தாங்க?"

"என் நாத்தனார். வெளியிலதான் உக்காந்திருக்காங்க. கூப்பிட்டுக் கேளுங்க."

உண்மையாகவே நாத்தனார் அன்று டியூஷனுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அதிகாரி கதவைப் பார்த்தார்; கூப்பிடவில்லை. "குடும்பத்து ஆள் சாட்சி செல்லாதும்மா" என்றார், வருத்தமாகவே.

படியிறங்கும்போது நாத்தனார் கேட்டாள்: "என்ன அண்ணி, சரியாச் சொன்னீங்களா?"

"நூத்துக்கு நூறு" என்றாள் அக்கா.

தீர்ப்பு பதினைந்து நாளில் வந்தது. மேலாளருக்கு எச்சரிக்கை. கரடியக்காவுக்கு வேலைநீக்கம். காரணம் இரண்டு வரியில் இருந்தது: திருத்தக் கணக்கின் நுணுக்கம் முழுவதும் அறிந்தவர் என்பதை அவரே விசாரணையில் மெய்ப்பித்துள்ளார், ஆகவே அறியாமை என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல. "வேண்டுமென்றே" அப்படியே நின்றது. கணவர் படித்துவிட்டுப் பழைய ஓலையோடு சேர்த்து மடித்து வைத்தார். 'அன்னிக்கே சொன்னேனே' என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அவள் மேல்முறையீடு எழுதினாள். வேலை வேண்டாம், அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். இதற்கிடையில் ஒரு சலவை நிலையத்தில் துணி மடிக்கும் வேலை கிடைத்தது. முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள். வீட்டில்தான் இருந்தேன் என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் வாயிலிருந்து வேண்டுமென்றே வந்த பொய் அது. அங்கே உள்ளே ஒரே வெக்கை. யாரும் எதையும் அளந்து எழுதுவதில்லை. சலவைக்காரம்மா ஒரு தரம் ரசீதில் தள்ளுபடியைத் தப்பாகப் போட்டுவிட்டு, "இது சரியா பாரேன்" என்று நீட்டியபோது, எனக்குக் கணக்குத் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள்.

இந்த விஷயத்தில் இனி எந்தக் கடிதமும் கவனிக்கப்படமாட்டாது, பதிவில் மாற்றம் எதுவும் செய்வதற்கில்லை என்று தலைமை அலுவலகம் எழுதிய கடைசிக் கடிதம் அவள் கைக்கு வந்தது மறு வருஷம் மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.